பாதி ஸ்டாடிக், பாதி டைனமிக்: எல்லையில் சோதிப்பது யார்?

பெருங்குடி_பரணி | செவ்வாய், இரவு 9.10

எங்கள் குழு எலிக்ஸிர் என்ற நிரல் மொழியில் எழுதப்பட்ட ஒரு பில்லிங் நிரலைப் பராமரிக்கிறது. கடைகளிலிருந்து ஆர்டர் விவரம் ஜேசன் என்ற தரவு வடிவத்தில் வரும். வரி, தள்ளுபடி, டெலிவரி கட்டணம் எல்லாவற்றையும் கணக்கிட்டு ரசீது அனுப்புவோம். போன மாதம் ஒரு கடை, தொகையை எண்ணாக அனுப்புவதை நிறுத்திவிட்டு மேற்கோள் குறிக்குள் எழுத்தாக அனுப்பத் தொடங்கியது. நிரல் விழுந்திருந்தால் அன்றே கண்டுபிடித்திருப்போம். விழவில்லை.

காரணம் இதுதான். ‘தொகை 1000க்கு மேல் என்றால் டெலிவரி இலவசம்’ என்று ஓர் இடத்தில் ஒப்பீடு இருக்கிறது. எலிக்ஸிரில் எந்த மதிப்பையும் எந்த மதிப்போடும் ஒப்பிடலாம். எலிக்ஸிருக்கு அடிப்படையான எர்லாங் மொழிக் காலத்திலிருந்து வரும் வரிசையில் எண்கள் முதலில் நிற்கும், ஆட்டம், டூப்பிள், மேப், பட்டியல் போன்ற மற்ற வகைகள் எல்லாம் அதற்குப் பின்னால், எழுத்துச்சரம் கடைசியில். ஆகவே ‘99’ என்ற எழுத்துச்சரம் 1000 என்ற எண்ணைவிட எப்போதும் பெரியது. மொத்தத்தைக் கூட்டும் இடத்திலாவது தடுக்கியிருக்க வேண்டும். அங்கே நாங்கள் பயன்படுத்தும் டெசிமல் நூலகம் முழு எண்ணையும் ஏற்கிறது, எழுத்துச்சரத்தையும் ஏற்கிறது. கூட்டல் சரியாக நடந்தது, டெலிவரி கட்டணம் மட்டும் யாருக்கும் விழவில்லை.

எல்லாவற்றையும் வேறு மொழியில் திருப்பி எழுத மேலிடம் சம்மதிக்காது. இருக்கும் நிரலில் கொஞ்சம் கொஞ்சமாக டைப் (எது எண், எது எழுத்து என்ற வகைக் குறிப்பு) சேர்க்கலாமா என்று யோசிக்கிறோம். நிரல் ஓடும் முன்பே டைப்பைச் சோதிப்பது ஸ்டாடிக், ஓடும்போது மட்டும் பார்ப்பது டைனமிக். டைப் உள்ள பகுதியும் இல்லாத பகுதியும் கலந்து இருப்பது உண்மையிலேயே பயன் தருமா, இல்லை இரண்டுங்கெட்டானாகப் போகுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கேமல்_கிண்டி | செவ்வாய், இரவு 9.31

ஓகேமல் என்ற ஸ்டாடிக் மொழியில் இந்தக் கதைக்கு இடமே இல்லை. எண்ணையும் எழுத்துச்சரத்தையும் ஒப்பிடும் வரியைக் கம்பைலர் (நிரலை ஓடும் முன் மொழிபெயர்க்கும் கருவி) வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். கலப்பு என்பது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். மேலிடத்தைச் சம்மதிக்க வைக்கப் பாருங்கள்.

நாவலூர்_நந்தன் | செவ்வாய், இரவு 9.48

கிண்டியாருக்கு எந்த நோய்க்கும் ஒரே மருந்துதான்.

பரணி, கலப்பு பயன் தருமா என்று கேட்கவே வேண்டாம். பழைய மகாபலிபுரம் சாலையில் எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் டைப்ஸ்கிரிப்ட் (ஜாவாஸ்கிரிப்டோடு டைப் சேர்த்த மொழி) ஓடுகிறது. 2012இல் வந்தது, இன்று அது இல்லாமல் புதிய இணையத் திட்டம் தொடங்குபவர் அரிது. அதன் நோக்கங்களைப் பட்டியலிடும் ஆவணத்திலேயே ‘முழுக்க நிரூபிக்கத்தக்க டைப் முறை எங்கள் இலக்கு அல்ல’ என்று வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். கம்பைல் ஆனதும் டைப் எல்லாம் அழிந்துவிடும். ஓடும் நேரத்தில் ஒரு பைசா செலவு இல்லை. எடிட்டரில் சிவப்புக் கோடு விழுகிறதா, அது போதும். கொள்கைப் பிடிவாதக்காரர்கள் மற்றதை யோசிக்கட்டும்.

சிறுசேரி_மாணவி | செவ்வாய், இரவு 10.22

நந்தன் சார், பரணி சொன்ன அதே பிழையை டைப்ஸ்கிரிப்டில் ஓட்டிப் பார்ப்போம். ஆர்டர் என்ற டைப்பில் ‘தொகை: எண்’ என்று எழுதிவிட்டீர்கள். ஜேசனைப் பிரிக்கும் ஃபங்ஷன் திருப்பித் தருவது ‘எனி’ டைப், அதாவது ‘எதுவானாலும் சரி’. அதை ஆர்டர் என்று பெயரிட்ட மாறியில் வைத்தால் கம்பைலர் வாய் திறக்காது. கடை எழுத்துச்சரம் அனுப்பினால் எழுத்துச்சரம்தான் உள்ளே இருக்கும். அதோடு 50 ரூபாய் டெலிவரி கட்டணத்தைக் கூட்டினால் 99ம் 50ம் ஒட்டி 9950 ஆகும். சிவப்புக் கோடு எங்கும் விழாது. முன்பாவது ‘என்ன வருகிறதோ’ என்ற பயம் இருந்தது. டைப் எழுதிய பிறகு அந்தப் பயமும் போய்விடுகிறது.

டைப் கலப்பில் இரண்டு விதமான உறுதிமொழிகள் உண்டு. ஒன்று, எழுதிய டைப்பைக் கம்பைலர் பார்க்கும், ஓடும் நேரத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள். மற்றொன்று, டைப் உள்ள பகுதிக்குள் டைப் இல்லாத பகுதியிலிருந்து எது வந்தாலும் எல்லையில் நிறுத்திச் சோதிக்கப்படும். ஜெரமி சீக், வாலித் தாஹா இருவரும் 2006இல் ஃபங்ஷனல் மொழிகளுக்காக (ஃபங்ஷனையே ஒரு மதிப்பாகக் கையாளும் மொழிகள்) எழுதிய கட்டுரைதான் ‘கிராஜுவல் டைப்பிங்’ என்ற பெயரை நிலைநிறுத்தியது. அவர்கள் பேசியது இந்த இரண்டாவது விதத்தைப் பற்றி.

அதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. டைப் தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடுகிறார்கள். எண் கேட்கும் இடத்தில் கேள்விக்குறி வரலாம், கேள்விக்குறி கேட்கும் இடத்தில் எழுத்துச்சரம் வரலாம். இதை ‘சமம்’ என்று வைத்துக்கொண்டால் எண்ணும் கேள்விக்குறியும் சமம், கேள்விக்குறியும் எழுத்துச்சரமும் சமம், ஆகவே எண்ணும் எழுத்துச்சரமும் சமம் என்று முடிந்து எல்லாம் குட்டிச்சுவராகிவிடும். சப்டைப் (ஒரு டைப் மற்றொன்றின் உட்பிரிவு) என்று வைத்தாலும் அதே விபத்து. ஆகவே ‘ஒத்துப்போதல்’ என்று தனியாக ஓர் உறவை வரையறுக்கிறார்கள். அது இருபுறமும் செல்லும், ஆனால் சங்கிலியாகத் தொடராது. எண் கேள்விக்குறியோடு ஒத்துப்போகும், கேள்விக்குறி எழுத்துச்சரத்தோடு ஒத்துப்போகும், எண்ணும் எழுத்துச்சரமும் ஒத்துப்போகாது. கேள்விக்குறி இல்லாத நிரலில் இந்த முறை சாதாரண ஸ்டாடிக் முறையாகவே நடந்துகொள்ளும். எல்லா இடத்திலும் கேள்விக்குறி என்றால் டைனமிக் மொழியான லிஸ்ப் மாதிரி ஓடும். நடுவில் நிற்பவர்களுக்கு, ஒத்துப்போகும் ஆனால் உறுதியில்லாத ஒவ்வோர் இடத்திலும் கம்பைலர் ஒரு சோதனையைச் செருகும்.

நாவலூர்_நந்தன் | செவ்வாய், இரவு 10.30

ஜேசனைப் பிரித்ததும் ஒரு ஸ்கீமா நூலகத்தால் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது டைப்ஸ்கிரிப்ட்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். 3.0 பதிப்பிலிருந்து ‘அன்னோன்’ டைப்பும் இருக்கிறது. சோதிக்காமல் தொட விடாது.

சிறுசேரி_மாணவி | செவ்வாய், இரவு 10.34

அப்படியென்றால் ஓடும் நேரச் சோதனை தேவை என்று நீங்களும் ஒப்புக்கொள்கிறீர்கள். அதை மொழி செய்வதா, நாம் கையால் எழுதுவதா என்பதுதான் மிச்சம்.

பழைய_லிஸ்ப்காரர் | புதன், காலை 6.05

காலை நடைக்குப் போகும் முன் படித்தேன். மாணவி நன்றாகச் சொன்னார். ஆனால் 2006ஐத் தொடக்கமாக வைத்தால் கதையில் பாதி விட்டுப்போகும்.

ஸ்டாடிக் மொழிக்காரர்கள் பக்கமிருந்து முக்கியமான கட்டுரை வந்தது 1989இல். அபாதி, கார்டெல்லி, பியர்ஸ், பிளாட்கின் நால்வரும் ஒழுங்கான ஸ்டாடிக் மொழிக்குள் ‘டைனமிக்’ என்று ஒரு டைப்பை வைத்தார்கள். அதில் மதிப்போடு அதன் டைப்பும் சேர்ந்து பயணிக்கும். பிரித்துப் பார்க்கத் தனி வாக்கியம் உண்டு. எதற்காக? வட்டிலிருந்து படிக்கும் தரவு, வேறொரு நிரலிலிருந்து வரும் தரவு. பரணி தம்பியின் ஜேசன் தொல்லைதான், ஜேசன் பிறப்பதற்கு முன்பே. ஹாஸ்கெல் என்ற ஸ்டாடிக் மொழியில் இருக்கும் ‘டேட்டா.டைனமிக்’ அந்த வழியில் வந்தது.

டைனமிக் மொழிக்காரர்கள் பக்கமிருந்து 1991இல் கார்ட்ரைட்டும் ஃபேகனும் ‘சாஃப்ட் டைப்பிங்’ கொண்டுவந்தார்கள். நிரலைத் தள்ளுபடி செய்யாதே, டைப்பை ஊகித்துப் பார், சந்தேகமான இடத்தில் மட்டும் சோதனை வை என்பது அவர்கள் கட்சி. லிஸ்ப் குடும்பத்து ஸ்கீம் மொழிக்கு அது செய்து பார்க்கப்பட்டது. ஊகிக்கும் டைப் சில சமயம் பக்கக்கணக்கில் நீளும், பிழைச் செய்தியைப் படிக்கவே தனிப் படிப்பு வேண்டும். அதனால்தான் பின்னால் வந்தவர்கள் ‘டைப்பை நிரலாளரே எழுதட்டும்’ என்று திரும்பினார்கள்.

ஃபங்ஷனல் மொழியில் இந்தக் கலப்பு ஏன் தனித்தொல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண் எல்லையைத் தாண்டினால் ஒரு கணத்தில் சோதித்துவிடலாம். ஃபங்ஷன் தாண்டினால் என்ன செய்வீர்கள்? ‘எண் வாங்கி எண் தருவேன்’ என்று சொல்லிக்கொண்டு வருகிறது. அதைப் பிளந்து பார்க்க முடியாது. அடுக்குமாடிச் சங்கம் தண்ணீர் லாரிக்காரரோடு ஒப்பந்தம் போடுவதைப் பாருங்கள். கையெழுத்துப் போடும் அன்று குடித்துப் பார்க்க ஒன்றுமில்லை; ஒவ்வொரு லோடு வரும்போதும்தான் பார்க்க முடியும். தண்ணீர் உப்பாக வந்தால் பழி லாரிக்காரர் மேல். லாரி சரியாக வந்து, சங்கம் சம்ப் மூடியைத் திறந்து வைக்காமல் தண்ணீர் தெருவில் போனால் பழி சங்கத்தின் மேல். 2002இல் ஃபிண்ட்லரும் ஃபெலைசனும் எழுதியது இதைத்தான். ஃபங்ஷனைச் சுற்றி ஓர் உறை போடு. அழைக்கும்போதெல்லாம் உள்ளே போவதைச் சோதி, வெளியே வருவதைச் சோதி. உள்ளே போவது தவறென்றால் பழி அழைத்தவருக்கு, வெளியே வருவது தவறென்றால் பழி ஃபங்ஷனைத் தந்தவருக்கு. ஃபங்ஷன் இன்னொரு ஃபங்ஷனை வாங்கினால் பழியின் திசை ஒவ்வோர் அடுக்கிலும் மாறிக்கொண்டே போகும்.

வாட்லரும் ஃபிண்ட்லரும் 2009இல் இதற்கு ஒரு தேற்றம் நிரூபித்தார்கள். எல்லையில் சோதனை தோற்றால் பழி எப்போதும் டைப் குறைவாக உள்ள பக்கத்தின் மேல்தான் விழும். இரவு இரண்டு மணிக்கு எந்தக் கோப்பைத் திறப்பது என்று தெரியாமல் விழிப்பவருக்கு இந்த ஒரு வரி போதும், தேடும் பரப்பு பாதியாகிவிடும். நிரல் விழுவதைத் தடுப்பதைவிட, விழுந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று சொல்வதுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய லாபம் என்பது என் கட்சி.

முகப்பேர்_வாசி | புதன், காலை 8.40

எங்கள் சங்கத்தில் தண்ணீர் உப்பாக வந்தாலும் பழி செயலாளர் மேல்தான்.

மட்டுறுத்துநர் | புதன், காலை 9.15

தண்ணீர் லாரி பற்றிப் பேச ‘ஊர்ப் பொது’ பிரிவில் தனி இழை இருக்கிறது. இங்கே டைப் மட்டும்.

ராயபுரம்_ராக்கெட் | புதன், மதியம் 1.20

லிஸ்ப்கார ஐயா உறையைப் பற்றிச் சொன்னார், விலையைச் சொல்லவில்லை. டைப்டு ராக்கெட்டில் (ராக்கெட் என்ற லிஸ்ப் குடும்பத்து மொழியின் டைப் உள்ள வடிவம்) வேலை செய்த அனுபவத்தில் அதை நான் சொல்கிறேன்.

முதலில் பெருமை. டோபின்-ஹோக்ஸ்டாட், ஃபெலைசன் இருவரும் அதே 2006இல் ‘ஸ்கிரிப்டாகத் தொடங்கியதை மாட்யூல் மாட்யூலாக (பகுதி பகுதியாக) டைப்புக்கு மாற்றலாம்’ என்று எழுதினார்கள். 2008இல் டைப்டு ஸ்கீம் வந்தது, அதுவே இன்றைய டைப்டு ராக்கெட். எல்லைச் சோதனையை முழுதாகச் செய்யும் மொழிகளில் இதுதான் மூத்தது, முதிர்ந்தது. ‘எண்தானா என்று கேட்டுவிட்டு உள்ளே போனால், உள்ளே அது எண்தான்’ என்று கிளைக்குக் கிளை புரிந்துகொள்ளும். ஸ்கீம்காரர்கள் காலங்காலமாக எழுதி வந்த பாணியை மாற்றாமலேயே டைப் போட முடிந்தது அதனால்தான்.

இப்போது விலை. 2016இல் டாக்கிகாவா, ஃபெல்டி, கிரீன்மன் முதலானோர் ‘முறையான கிராஜுவல் டைப்பிங் செத்துவிட்டதா?’ என்றே தலைப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எழுதியவர்கள் எதிரிகள் அல்ல, டைப்டு ராக்கெட்டின் சொந்தக்காரர்களே; அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம். ஒரு நிரலில் ஆறு மாட்யூல்கள் என்றால், ஒவ்வொன்றும் டைப் உள்ளதா இல்லாததா என்ற கணக்கில் 64 கலவைகள். அத்தனையையும் ஓட்டி நேரம் அளந்தார்கள். முழுக்க டைப் இல்லாத முனை சாதாரண வேகம். முழுக்க டைப் உள்ள முனை சில சமயம் அதைவிட வேகம். நடுவில்தான் பள்ளம். சில கலவைகள் நூறு மடங்குக்கு மேல் மெதுவாக ஓடின. நாம் படிப்படியாக மாற்றும்போது மாதக்கணக்கில் குடியிருக்கப் போவது அந்த நடுப்பகுதியில்தான்.

ஏன் அவ்வளவு? எல்லையின் மேல் ஓர் உள்சுழற்சி இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் சோதனை. பட்டியலை ஒவ்வொரு முறை கடத்தும்போதும் முழுப் பட்டியலையும் நடந்து பார்க்க வேண்டும். உறை போட்ட ஃபங்ஷன் எல்லையைத் திரும்பத் திரும்பத் தாண்டினால் உறைக்கு மேல் உறை.

ஃபங்ஷனல் மொழிக்காரர்களை நேராக அடிக்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். ‘இரட்டையா’, ‘ஒற்றையா’ என்று இரண்டு ஃபங்ஷன்கள். இரட்டையா, எண் 0 என்றால் ‘ஆம்’ என்கும். இல்லையென்றால் ஒன்று குறைத்து ஒற்றையாவை அழைக்கும். ஒற்றையா அதேபோல் இரட்டையாவை அழைக்கும். இரண்டுமே வால் அழைப்புகள், அதாவது அழைத்த பிறகு செய்ய எதுவும் மிச்சமில்லை. பத்து லட்சம் கொடுத்தாலும் ஸ்டாக் (முடியாத அழைப்புகளைக் குறித்து வைக்கும் நினைவகம்) வளராது. இப்போது ஒற்றையாவுக்கு மட்டும் ‘எண் வாங்கி பூலியன் (ஆம்/இல்லை) தரும்’ என்று டைப் போடுங்கள். டைப் இல்லாத இரட்டையா திருப்பித் தருவது பூலியன்தானா என்று ஒற்றையா பார்த்துவிட்டுத்தான் மேலே தர முடியும். அழைத்த பிறகு செய்ய ஒரு வேலை மிச்சம் இருப்பதால் அது வால் அழைப்பு இல்லை. ஸ்டாக் எண்ணின் அளவுக்கு வளரும். ஒரே ஒரு டைப் குறிப்பு, நிரலின் நினைவகக் கணக்கையே மாற்றிவிட்டது. 2007இல் ஹெர்மன், டோம்ப், ஃபிளனகன் மூவரும் இதை எடுத்துக்காட்டி, அடுத்தடுத்து வரும் சோதனைகளை ஒன்றாக மடித்து வைத்துக்கொள்ளும் வழியையும் சொன்னார்கள். காகிதத்தில் அழகான தீர்வு. அதை வேகமான கம்பைலருக்குள் கொண்டுவரப் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது.

கேமல்_கிண்டி | புதன், மதியம் 1.42

நூறு மடங்கு மெதுவாக ஓடுவதற்குப் பதில் திருப்பி எழுதுவதே மலிவு. நான் முதலில் சொன்னதையே இரண்டாயிரம் சொற்களில் எல்லோரும் சொல்கிறீர்கள்.

சிறுசேரி_மாணவி | புதன், மாலை 5.50

கிண்டி சார், ஓகேமலுக்குள்ளும் எல்லை உண்டு. ‘மார்ஷல்’ மாட்யூலால் கோப்பில் எழுதிய மதிப்பைத் திரும்பப் படித்தால், எந்த டைப் என்று நீங்கள் சொல்கிறீர்களோ அதை அப்படியே நம்பும். தவறாகச் சொன்னால் பிழைச் செய்திகூட வராமல் நிரல் செத்து விழலாம். இரண்டு ஃபங்ஷன்களைச் சமக்குறியால் ஒப்பிடும் வரி கம்பைல் ஆகும், ஓடும் நேரத்தில் விதிவிலக்கு எறியும். நமக்கு அருகிலேயே ஓர் உதாரணம்: மல்ட்டிகோர் ஓகேமலில் (பல கோர்களில் ஒரே நேரத்தில் ஓடும் வடிவம்) ஐஐடி மெட்ராஸின் பங்கு பெரியது. 2022 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பில் எஃபெக்ட் ஹேண்ட்லர்கள் (ஒரு ஃபங்ஷன் நடுவில் எழுப்பும் கோரிக்கையை வெளியே பிடித்துக் கையாளும் வசதி) உண்டு. ஒரு ஃபங்ஷன் எந்த எஃபெக்டை எழுப்பும் என்பது அதன் டைப்பில் தெரியாது. பிடிக்க ஹேண்ட்லர் இல்லையென்றால் ஓடும் நேரத்தில்தான் தெரியும். தெரிந்தே எடுத்த முடிவு அது. டைப்பில் சேர்ப்பதற்காகக் காத்திருந்தால் 5.0 இன்னும் தள்ளிப்போயிருக்கும். ஸ்டாடிக் மொழி என்பவர்களும் எங்கோ ஓர் இடத்தில் கோட்டைப் போட்டுவிட்டு, அதற்கு அப்பால் டைனமிக் என்று விடுகிறார்கள்.

எங்கள் சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட்டில் நிரலாக்கமே ஹாஸ்கெலில்தான் தொடங்கும். ஆகவே ஸ்டாடிக் பக்கத்தின் நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் இழப்பது வேகம் மட்டுமல்ல. ‘அ பட்டியல் வாங்கி அ பட்டியல் தரும், அ எதுவாகவும் இருக்கலாம்’ என்று டைப் இருந்தால், அந்த ஃபங்ஷன் உறுப்புகளை இடம் மாற்றலாம், விடலாம், இரட்டிக்கலாம். புதிதாக எதையும் உருவாக்க முடியாது. உள்ளே எட்டிப் பார்க்காமல் டைப்பை மட்டும் படித்துச் சொல்லிவிடலாம். அதே டைப்பை அணிந்துகொண்டு டைனமிக் பக்கத்திலிருந்து ஒரு ஃபங்ஷன் வந்தால், அது ‘எண்ணாக இருந்தால் ஒன்று கூட்டு’ என்று ரகசியமாகச் செய்யலாம். அந்த உத்தரவாதம் போயிற்று. 2011இல் அகமது, ஃபிண்ட்லர், சீக், வாட்லர் நால்வரும் மதிப்பை முத்திரையிட்டு உள்ளே அனுப்பி, வெளியே வரும்போது மட்டும் முத்திரையை உடைக்கும் முறையால் இதைக் காப்பாற்றினார்கள். அதற்கும் ஓடும் நேரச் செலவு உண்டு.

பழைய_லிஸ்ப்காரர் | புதன், மாலை 6.30

முத்திரை நல்ல யோசனைதான் அம்மா. ஆனால் பில்லிங் நிரல் எழுதுபவர் அந்தப் பக்கமே போகத் தேவையில்லை. பரணி இன்னும் இழையைப் படிக்கிறாரா?

பெருங்குடி_பரணி | புதன், இரவு 8.15

படிக்கிறேன் சார், ரயிலில் நின்றுகொண்டே படிக்கிறேன். பாதி புரிந்தது, மீதி பயமாக இருக்கிறது. ராக்கெட் விலையைச் சொல்லிவிட்டார். எலிக்ஸிரிலும் டைப் வந்துவிட்டது என்கிறார்களே, அது இதில் எந்த வகை? அங்கேயும் நூறு மடங்கா?

அண்ணாநகர்_ஆக்டர் | புதன், இரவு 9.05

எர்லாங்கிலும் எலிக்ஸிரிலும் வயிறு வளர்ப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நூறு மடங்கு இல்லை, ஒரு மடங்கும் இல்லை. எலிக்ஸிர் புதிய சோதனை எதையும் செருகாது.

எர்லாங்குக்கு டைப் போட முயற்சி பழையது. 1997இலேயே மார்லோவும் வாட்லரும் ஒரு முறை எழுதினார்கள், புழக்கத்துக்கு வரவில்லை. வேலைக்கு வந்தது டயலைசர் என்ற பிழை தேடும் கருவி. லிண்டால், சகோனாஸ் இருவரின் ‘சக்ஸஸ் டைப்பிங்’ அதன் அடிப்படை. ‘இந்த அழைப்பு எந்த நிலையிலும் வெற்றி பெறாது’ என்று உறுதியானால் மட்டும் எச்சரிக்கும், சந்தேகம் என்றால் வாய் மூடிக்கொள்ளும். பொய்ப்புகார் கிடையாது என்பதால் பழைய நிரலின் மேல் ஓட்ட முடிந்தது. அதே காரணத்தால் நிறைய உண்மையான பிழைகள் கண்ணில் படாமல் போகும்.

எலிக்ஸிரின் இப்போதைய முறையைக் கஸ்டான்யா, டூபோக், ஜோசே வலிம் மூவரும் வடிவமைத்தார்கள். டைப் என்பது மதிப்புகளின் கணம்; ஒன்றிணைப்பு, வெட்டு, நீக்கம் எல்லாம் செய்யலாம். 2024 ஜூனில் வந்த 1.17இல் தொடங்கி, அந்த டிசம்பரில் வந்த 1.18இல் ஃபங்ஷன் அழைப்புகளையும் பார்க்கத் தொடங்கியது. நீங்கள் குறிப்பு எதுவும் எழுத வேண்டாம். பேட்டர்னிலிருந்து (ஃபங்ஷன் ஏற்கும் மதிப்பின் வடிவம்) தானே ஊகிக்கும்; கார்டிலிருந்து (அதோடு எழுதும் நிபந்தனை) ஊகிப்பதை 1.18க்குப் பிந்தைய பதிப்புகளுக்கு விட்டார்கள். ‘டைனமிக்’ என்ற டைப் அங்கே ‘எதுவானாலும் சரி’ என்று முழுதாகக் கைகழுவாது. ஒரு வரம்புக்குள் நின்று, பொருந்த வாய்ப்பே இல்லாதபோது மட்டும் எச்சரிக்கும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது ‘ஸ்ட்ராங் ஆரோ’. எலிக்ஸிர்காரர்கள் ‘இது முழு எண்தானா’ என்று ஃபங்ஷன் தலைப்பிலேயே கார்டு எழுதுவார்கள். எர்லாங் இயந்திரமும் கூட்டல், கழித்தலில் எண்ணைத்தான் ஏற்கும். ஆக, ஓடும் நேரச் சோதனை அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது, புதிதாகச் செருகுவானேன் என்பது அவர்கள் வாதம். கார்டு உள்ள ஃபங்ஷனுக்குத் தவறான மதிப்பு போனால் அது நிச்சயம் விழும், தவறான விடை தராது. அப்படிப்பட்ட ஃபங்ஷனின் விடையை, உள்ளே போனது டைனமிக் என்றாலும், டைப் முறை உறுதியாக நம்பலாம். கார்டு இல்லாத ஃபங்ஷன் என்றால் விடையும் டைனமிக்.

பரணியின் டெலிவரி ஃபங்ஷனை இப்போது பாருங்கள். உள்ளே இருப்பது ஓர் ஒப்பீடு மட்டும். ஒப்பீடு யாரையும் விழ வைக்காது, எதை வேண்டுமானாலும் ஏற்கும். கார்டும் இல்லை. ஜேசனிலிருந்து வந்த தொகை டைனமிக். எழுத்துச்சரமாகத்தான் வரும் என்று கம்பைலருக்குத் தெரிய வழியில்லை, ஆகவே 1.18 போட்டாலும் அந்த வரியில் எச்சரிக்கை வராது. தொகை முழு எண்தானா என்று ஒரு கார்டு எழுதியிருந்தால், முதல் ஆர்டரிலேயே ‘பொருந்தும் கிளாஸ் (ஃபங்ஷனின் கிளை) இல்லை’ என்று விழுந்து, எந்த ஃபங்ஷன், எந்த மதிப்பு என்று லாகில் வந்திருக்கும்.

நாவலூர்_நந்தன் | புதன், இரவு 9.20

சுருக்கமாகச் சொன்னால், எல்லையில் கையால் சோதனை எழுது. நான் ஸ்கீமா நூலகம் என்று சொன்னபோது மட்டும் எல்லோரும் மேலே விழுந்தீர்கள்.

அண்ணாநகர்_ஆக்டர் | புதன், இரவு 9.26

எழுதிய சோதனையைக் கம்பைலரும் படித்துப் புரிந்துகொள்ளும்படி இந்த முறையை வடிவமைத்திருக்கிறார்கள் என்பது வித்தியாசம். கார்டை நாளை யாராவது நீக்கினால் விடை டைனமிக்காக மாறும், கீழே வரும் ஊகமும் தளரும். உங்கள் ஸ்கீமாவை நீக்கினால் அந்த இடத்தில் ‘இது ஆர்டர்’ என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போகலாம். டைப் அப்படியே நம்பிக்கொண்டிருக்கும்.

ராயபுரம்_ராக்கெட் | வியாழன், காலை 10.10

எல்லையை எங்கே போடுவது என்பதற்கு ஒரு வார்த்தை. ஆளுக்கொரு ஃபங்ஷனாகத் தூவினால் எல்லைகள் பெருகும், யாருக்கும் நிம்மதி இருக்காது. ஒன்றையொன்று அதிகம் அழைக்கும் மாட்யூல்களை ஒரே கூட்டமாக மாற்றுங்கள். எல்லையைத் தாண்டுவது சிறிய, மாறாத தரவாக இருக்கட்டும்; ஃபங்ஷனைத் தாண்ட விடாதீர்கள், ஃபங்ஷனை வாங்கும் ஃபங்ஷனை விடவே விடாதீர்கள். டைப்டு ராக்கெட்டிலும் இப்போது முழுச் சோதனை, மேலோட்டச் சோதனை, சோதனையே இல்லை என்று மாட்யூலுக்கு மாட்யூல் தேர்ந்தெடுக்கலாம். எலிக்ஸிரில் அந்தத் தேர்வு கார்டு எழுதுபவர் கையில்.

இன்னொன்று. மூன்றாம் நபர் நூலகங்களை மறக்க வேண்டாம். லிஸ்ப் குடும்பத்து குளோஜர் மொழியில் கோர்.டைப்டு என்ற கிராஜுவல் முறையைச் சர்க்கிள்சிஐ நிறுவனம் இரண்டு ஆண்டு பயன்படுத்திவிட்டு 2015இல் விட்டுவிட்டது. சோதிக்க நேரம் அதிகம், வெளி நூலகங்களுக்கெல்லாம் நாமே டைப் எழுத வேண்டும் என்பவை அவர்கள் வெளிப்படையாகச் சொன்ன காரணங்களில் சில. யாரும் கேட்காமலே ஊகிக்கும் முறைக்கு இந்தச் சுமை குறைவு.

பெருங்குடி_பரணி | வியாழன், இரவு 7.55

குழுவில் பேசினோம். முடிவு இது: ஜேசனைப் பிரிக்கும் மாட்யூல் ஒன்றுதான் எல்லை. அங்கே தொகை எண்ணாக வந்தாலும் எழுத்துச்சரமாக வந்தாலும் பைசாக் கணக்கில் முழு எண்ணாக மாற்றி, ஆர்டர் என்ற ஸ்ட்ரக்டில் (புலங்களின் பெயர் முன்பே வரையறுத்த தரவு வடிவம்) வைப்போம். மாற்ற முடியாதது அங்கேயே நிராகரிக்கப்படும், எந்தக் கடை என்ற பெயரோடு. கட்டணம், வரி, ரசீது மூன்று மாட்யூல்களும் அந்த ஸ்ட்ரக்டை மட்டும் பேட்டர்னில் வாங்கும். இலவச டெலிவரி ஃபங்ஷனுக்குக் கார்டு போட்டாயிற்று.

ஒரு சந்தேகம். சில ஆர்டர்களில் ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும். ஒவ்வொரு மாட்யூலிலும் பட்டியலை முழுதாகச் சோதிக்க வேண்டுமா?

பழைய_லிஸ்ப்காரர் | வியாழன், இரவு 8.20

வேண்டாம் தம்பி. உள்ளே விடும்போது ஒரு முறை நடந்து பாருங்கள். எலிக்ஸிரில் மதிப்புகள் மாறாதவை; சோதித்த பட்டியலை வேறு புராசஸ் பின்னால் வந்து கெடுக்க முடியாது. அப்படி மாறக்கூடிய வெக்டார்கள் இருப்பதால் ராக்கெட்டில் அவற்றுக்கும் உறை போட்டுக் காவல் நிற்க வேண்டியிருக்கிறது.

கேமல்_கிண்டி | வியாழன், இரவு 8.41

நிராகரித்த ஆர்டர்களுக்குத் தனி டேபிள் வையுங்கள். விழுந்தால்தான் தெரியும் என்று விட்டால் கடைக்காரர் போன் செய்த பிறகுதான் தெரியும். திருப்பி எழுத மனம் மாறினால் சொல்லுங்கள், நானே வந்து உதவுகிறேன்.

அண்ணாநகர்_ஆக்டர் | வியாழன், இரவு 9.02

பழைய ஸ்பெக் குறிப்புகளை (ஃபங்ஷனுக்கு மேல் எழுதும் டைப் விவரம்) ஒரு முறை சரிபாருங்கள். ‘தொகை: எண்’ என்று யாராவது எப்போதோ எழுதி வைத்திருப்பார்கள், எலிக்ஸிர் கம்பைலர் அதை டைப் சோதனைக்கு எடுத்துக்கொள்ளாது, புதிதாக வருபவர்தான் படித்து நம்புவார். பொய்யானவற்றை நீக்கிவிட்டு, எச்சரிக்கையைப் பிழையாகக் கொள்ளும் விருப்பத்தோடு கம்பைல் செய்யுங்கள். முதல் நாள் வரும் எச்சரிக்கைகளில் பாதி, யாரும் அழைக்காத பழைய கிளாஸ்களாக இருக்கும். மீதியை இங்கே போடுங்கள், பார்ப்போம்.